வேலை கிடைத்தது, வீடு எங்கே?

பெங்களூருக்குப் போகும் பிள்ளைகள் சம்பளத்தைக் கணக்குப் போடுகிறார்கள். பெற்றோர் ஆபத்தைக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு கணக்கையும் சேர்த்துப் போடுவதற்கு ஊரை அல்ல, தெருவைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு திருச்சியில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்கள் அருகருகே கிடந்தன. ஒன்று, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்திடமிருந்து அக்கா மகளுக்கு வந்த வேலை உத்தரவு. ஆண்டுக்கு நாலரை லட்ச ரூபாய் சம்பளம். மற்றது, திருச்சி நவல்பட்டு தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் கடிதம். சம்பளம் ஏறக்குறைய பாதி. ஆனால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றாள் பெண். "யோசிக்கத்தான் நிறைய இருக்கு" என்றார் அத்தான். பெங்களூர் வேலை மதியம் 2 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடியும் ஷிப்ட். 22 வயதுப் பெண், தெரியாத ஊர், தெரியாத மொழி, நடுராத்திரி. அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ பத்திரிகைக்காரி. ஒரே வார்த்தையில சொல்லு. பெங்களூர் பாதுகாப்பான ஊரா, இல்லையா?"

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 85 லட்சத்தைத் தொட்டுவிட்ட நகரம் அது. அதில் ஒரு தெரு நள்ளிரவிலும் விழித்திருக்கும், அடுத்த தெரு ஒன்பது மணிக்கே இருண்டுவிடும். "போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அக்கா, அவள் மகள், நான் மூவரும் இரண்டு நாள் பயணமாகக் கிளம்பினோம். அந்தப் பயணத்தில் கண்டதும், அதற்கு முன்னும் பின்னும் தேடிப் படித்ததுமே இந்தக் கட்டுரை. இதே கேள்வியோடு எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேசைகள் காத்திருக்கின்றன என்று தெரியும்.

குவார்ட்டர்ஸ் காலம்

அத்தானின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவருடைய பெரியப்பா 1960-களில் பெங்களூருக்குப் போனவர். அன்று அந்த நகரத்துக்கு வேலை தேடிப் போன தமிழர்களில் பலரை இழுத்தவை பொதுத்துறைத் தொழிற்சாலைகள். 1940-ல் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-ல் வந்த ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய நான்கும் வேலையோடு ஒரு வாழ்க்கையையும் கொடுத்தன. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஷிப்டுக்குக் கம்பெனி பஸ். வேலை உத்தரவு கைக்கு வந்துவிட்டால் "எந்தப் பேட்டையில் குடியிருப்பது, அங்கே பயமில்லாமல் இருக்க முடியுமா" என்று பலர் தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதே சங்கு ஒலிக்கு எழுந்தவர்கள்.

1970-களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கத் தொடங்கியது. 1990-களில் சாஃப்ட்வேர் தொழில் அங்கேயும் ஒயிட்ஃபீல்டிலும் பெருகியபோது அந்தப் பழைய ஏற்பாடு மறைந்துபோனது. புதிய நிறுவனங்கள் கண்ணாடிக் கட்டடம் கட்டின, குவார்ட்டர்ஸ் கட்டவில்லை. வீடு தேடுவது, முன்பணம் புரட்டுவது, தெரு எப்படி என்று விசாரிப்பது எல்லாம் ஊழியரின் தலையில் வந்து விழுந்தன. இன்றைக்கு வேலையையும் பாதுகாப்பையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கிறோம் என்றால், ஒரு காலத்தில் ஒன்றாகவே கிடைத்த இரண்டும் பிரிந்துபோனதால்தான்.

எண்கள் எவ்வளவு உதவும்?

புறப்படுவதற்கு முன் அத்தான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையைப் பற்றிக் கேட்டார். பெருநகரங்களை வரிசைப்படுத்தும் அட்டவணைகள் அதில் இருக்கின்றன. ஆனால் அவை காட்டுவது போலீஸ் பதிவு செய்த வழக்குகளின் எண்ணிக்கை. புகாரைத் தயங்காமல் வாங்கும் நகரம் அந்த அட்டவணையில் மேலே தெரியும். புகார் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் நகரம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். தவிர, அது நகரம் முழுவதற்குமான எண். நீங்கள் குடியேறப்போகும் குறுக்குத் தெருவைப் பற்றி அதில் ஒரு வரி கூட இருக்காது.

ஆனாலும் அந்த அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. 2023-ம் ஆண்டில் பெங்களூரில் பதிவான சைபர் குற்ற வழக்குகள் 17,600-க்கு மேல். நாட்டின் பெருநகரங்களில் இதுவே அதிகம். புதிதாக வருகிறவர்கள் இருட்டுச் சந்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவர்கள் பணத்தைப் பறிகொடுக்கும் இடம் பெரும்பாலும் கையில் இருக்கும் போன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் "பதிவுக் கட்டணம்" கேட்பவர்கள், வீட்டுப் படத்தை அனுப்பி, "நிறைய பேர் கேட்கிறார்கள், டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடுங்கள்" என்று அவசரப்படுத்துபவர்கள், இவர்கள் குறிவைப்பதே வெளியூரிலிருந்து வருபவர்களைத்தான். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் அடுத்த சில நிமிடங்களிலேயே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

11 மணிக்குப் பிறகு

அக்காவின் உண்மையான பயம் வேறு. அதற்கும் காரணம் உண்டு. 2005 டிசம்பரில் பெங்களூரில் கால்சென்டர் வேலைக்கு இரவில் புறப்பட்ட ஓர் இளம்பெண்ணை, அழைத்துப்போக வந்த கார் டிரைவரே பலாத்காரம் செய்து கொன்றான். 2010-ல் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கொலை நடந்தது அலுவலகத்திலும் அல்ல, வீட்டிலும் அல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ள வழியில்.

அந்த வழியை யார் பொறுப்பேற்பது என்பதற்கு இன்று சட்டத்தில் விடை இருக்கிறது. கர்நாடகத்தில் ஐ.டி. நிறுவனங்கள் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தினால் வாகன வசதி தர வேண்டும். வழித்தடத்தை அமைக்கும்போது, ஒரு பெண் முதலாவதாக ஏற்றப்படுபவராகவோ கடைசியாக இறக்கப்படுபவராகவோ இருக்கக் கூடாது என்றே விதி சொல்கிறது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013-ம் ஆண்டுச் சட்டம், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாட்டோடும்தான் இரவு வேலை தரலாம் என்கிறது.

சட்டம் இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அக்கா மகளின் வேலை உத்தரவில் வாகனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "வேலை கொடுக்கிறவங்ககிட்ட முதல் நாளே எப்படி சித்தி இதையெல்லாம் கேக்கறது?" என்று தயங்கினாள். கேட்டு ஒரு கடிதம் அனுப்ப வைத்தோம். இரண்டு நாளில் பதில் வந்தது: இரவு 8 மணிக்கு மேல் முடியும் ஷிப்டுக்கு கேப் உண்டு, ஆனால் அலுவலகத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வீடு இருந்தால் மட்டும். அந்த ஒரு வரியிலேயே எங்கள் தேடலின் எல்லை தீர்மானமாகிவிட்டது. கேட்காமல் போயிருந்தால், எல்லைக்கு வெளியே ஒரு வீட்டைப் பிடித்துவிட்டு நள்ளிரவில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பாள்.

தூரம் என்பது பெங்களூரில் கிலோமீட்டரில் அளக்கும் விஷயமல்ல. 2022-ம் ஆண்டுக்கான டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்து ஆய்வின்படி, நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் காரில் கடக்க சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. உலகத்திலேயே லண்டனுக்கு அடுத்த மந்தம். ஓசூர் சாலையில் 2010-ல் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை திறந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக, 19 கிலோமீட்டர் மெட்ரோவின் மஞ்சள் பாதையும் வந்துவிட்டது. பகல் நேர வேலைக்காரர்களுக்கு இது பெரிய விடுதலை. இரவு 11 மணிக்கு ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவர் அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று தெருக்கள்

நாங்கள் பகலில் வீடு பார்த்தோம். அதே வீடுகளை இரவு 11 மணிக்கு மேல் மறுபடியும் போய்ப் பார்த்தோம். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அவள்தான் அதில் தீவிரமாக இருந்தாள்.

முதல் இடம், எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்திலேயே நீலாத்ரி சாலையை ஒட்டிய ஒரு பெண்கள் விடுதி. பி.ஜி. என்று சொன்னால்தான் அங்கே புரிகிறது. பகலில் பார்த்தபோது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. நெரிசல், இரைச்சல், எங்கு பார்த்தாலும் இளைஞர் கூட்டம். இரவில் அதே கூட்டம் அவளுக்குத் தைரியம் தந்தது. ஷிப்ட் முடித்த பெண்கள் தோசைக் கடையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிக்கல் விடுதியின் விதியில் இருந்தது. பாதுகாப்புக்காக இரவு 10.30-க்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். ஷிப்ட் இருப்பவர்கள் போன் செய்தால் காவலாளி வந்து திறப்பாராம், விழித்திருந்தால். எந்தப் பூட்டு பெற்றோருக்கு நிம்மதி தருகிறதோ, அதே பூட்டு 11.30-க்கு வரும் பெண்ணை வீதியில் நிறுத்திவிடும்.

இரண்டாவது, ஒரு புதிய லேஅவுட்டில் அபார்ட்மென்ட். அகலமான சாலை, மரக்கன்றுகள், வாசலில் சீருடைக் காவலர், கேமரா. வாடகையும் குறைவு. பகலில் அக்கா அங்கேயே முடித்துவிடலாம் என்றாள். இரவில் பிரதான சாலையில் இறங்கி நடந்து பார்த்தோம். கேட்டுக்கு முன்னால் அரை கிலோமீட்டருக்கு மேல் காலி மனைகள். விளக்கு இருந்தது, ஆள் இல்லை. நாய்கள் மட்டும் எங்களை விசாரித்தன. கேமராவும் காவலரும் கேட்டுக்கு உள்ளேதான்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது "டேங்கர் வரும்" என்றார் புரோக்கர். அந்தச் சொல்லைக் கேட்டால் பெங்களூரில் நின்று விசாரிக்க வேண்டும். 2024 மார்ச்சில், நகரின் ஏறக்குறைய 13,900 ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. டேங்கர் விலைக்கு உச்சவரம்பு கட்ட வேண்டியிருந்தது. அன்று அதிகம் தவித்தவை காவிரிக் குழாய் போய்ச் சேராத புறநகரங்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான், 110 கிராமப் பகுதிகளுக்காகக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் தெருவுக்கு வந்திருக்கிறதா, வீட்டுக்கு இணைப்பு வாங்கியிருக்கிறார்களா என்பவை இரண்டு தனிக் கேள்விகள்.

மழையும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியபோது ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். சர்ஜாபூர் சாலைப் பக்கம் கோடிக்கணக்கில் விலைபோன பங்களாக்களின் வாசலுக்குப் படகு வந்தது. 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்கியது. ஏரிகளை இணைத்த பழைய மழைநீர்க் கால்வாய்களை அங்கே ராஜகாலுவே என்கிறார்கள். அதன் ஓரத்தில் வீடு என்றால், வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். இதைப் புரோக்கர் சொல்ல மாட்டார். பக்கத்து மளிகைக் கடைக்காரர் சொல்வார், கேட்டால்.

மூன்றாவது, பொம்மனஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பழைய தெரு. அழகில்லை. கார் திரும்பக் கஷ்டம். ஓசூர் சாலையை ஒட்டிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் குடும்பத்தோடு வசிக்கும் பகுதி. இரவு 11.20-க்கு அந்தத் தெருவில் நின்று அக்கா எண்ணினாள். ஒரு மருந்துக் கடை, ஒரு வெற்றிலைப் பாக்குக் கடை, வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நான்கு பெண்கள். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் மாடியில் ஒரு படுக்கையறை வீடு, வாடகை 16,000. ஏற்கனவே குடியிருந்த ஒரு பெண் பாதியைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை. தமிழ் தட்டுத் தடுமாறி வரும். அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தனை மணிக்கு வருவே?" அக்கா மகளுக்கு முகம் சுருங்கியது. வேவு பார்க்கும் வீட்டுக்காரர்கள் நிறைய என்று சிநேகிதிகள் எச்சரித்திருந்தார்கள். பதினொன்றரை என்றாள். "அப்ப கேட் சாவி ஒண்ணு உன்கிட்டயே இருக்கட்டும். பன்னிரண்டு ஆச்சுன்னா போன் பண்ணிச் சொல்லு, நான் முழிச்சிண்டிருப்பேன்" என்றார் அந்த அம்மா. கேள்வி ஒன்றுதான். கேட் பூட்டுவதற்காகக் கேட்பவர் உண்டு, சாவி கொடுப்பதற்காகக் கேட்பவர் உண்டு.

பெங்களூரில் 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் பழக்கம். மத்திய அரசு 2021-ல் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு 2 மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றாலும், மாநிலம் அதைச் சட்டமாக்கினால்தான் செல்லுபடியாகும். பேரம் பேசி ஒரு லட்சத்துக்கு இறங்கினார்கள். பெண்கள் இருவரும் பாதிப் பாதி. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னோம்.

வரவும் செலவும்

திரும்பும் ரயிலில் அக்கா மகள் ஒரு நோட்டில் கணக்குப் போட்டாள். பெங்களூரில் கைக்கு வருவது மாதம் 33,000. வாடகைப் பங்கு 8,000, மின்சாரம், தண்ணீர், காஸ் 1,500, சாப்பாடு 7,000, போக்குவரத்தும் போனும் 2,500, ஊருக்கு வந்துபோக 2,000. மிச்சம் 12,000. நவல்பட்டு வேலையில் கைக்கு வருவது 16,500, செலவு 3,500. மிச்சம் 13,000.

எல்லாரும் அமைதியானோம். பாதிச் சம்பளம் தரும் உள்ளூர் வேலைதான் ஆயிரம் ரூபாய் கூடுதலாக மிச்சம் பிடிக்கிறது. அப்படியானால் பெங்களூருக்கு எதற்குப் போக வேண்டும்?

அடுத்த வேலைக்காக. பெங்களூர் தருவது முதல் சம்பளத்தை அல்ல, இரண்டாவது, மூன்றாவது சம்பளத்தை. நவல்பட்டில் அந்தச் சிறிய நிறுவனம் மூடிவிட்டால் அதே துறையில் இன்னொரு வாசலைத் தட்டக் கஷ்டம். பெங்களூரில் தட்டுவதற்கு நூறு வாசல்கள். தட்ட வேண்டிய நாள் வராது என்றும் சொல்வதற்கில்லை. நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்., 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது 12,000-க்கு மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. ஐ.டி. வேலை என்றால் ஓய்வு பெறும்வரை என்று இனி யாரும் எண்ண முடியாது.

இங்கேதான் வீட்டுக் கணக்கும் வேலைக் கணக்கும் ஒன்று சேர்கின்றன. முதல் வேலையின் வாசலிலேயே வீடு பிடிப்பவர், வேலை மாறினால் வீட்டையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பணம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, மறுபடி தெரியாத தெரு. இரண்டு மூன்று வேலைப் பகுதிகளுக்குப் போய்வரக்கூடிய ஒரு தெருவில் வீடு பிடித்தால், வேலை மாறினாலும் தெரு மாறாது. பொம்மனஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி ஒரு பக்கம், சில்க் போர்டு வழியாக அவுட்டர் ரிங் ரோடு மறுபக்கம், மெட்ரோ ஏறி ஆர்.வி. ரோடில் மாறினால் நகரின் மற்ற பகுதிகள்.

தெரிந்த முகங்கள்

தெரு மாறாமல் இருப்பதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னவர் அத்தான்.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அது அரசிதழில் வெளியானதும், அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். அத்தானின் பெரியப்பா அப்போது ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மேற்குப் பெங்களூரில் வாடகைக்கு இருந்தார். கும்பல் தெருவுக்குள் வந்தபோது வீட்டுக்காரக் கன்னடர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இங்கே எல்லாரும் எங்கள் ஆட்கள்" என்றாராம். பெரியப்பா அந்தத் தெருவில் ஏழு வருடமாக இருந்தவர். இரண்டு தெரு தள்ளி, வந்து மூன்று மாதமே ஆன ஒரு குடும்பத்துக்காக அப்படி உட்கார யாரும் இல்லை. அவர்கள் வீட்டுச் சாமான்கள் தெருவில் எரிந்தன.

2012 ஆகஸ்டில் அஸ்ஸாம் கலவரத்தைத் தொடர்ந்து வதந்தி பரவியபோது, வடகிழக்கு மாநிலத்தவர்கள் சில நாட்களில் ஆயிரமாயிரமாகப் பெங்களூரை விட்டுக் குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்களில் ஏறினார்கள். ஓட்டல்களிலும் காவல் வேலையிலும் அழகு நிலையங்களிலும் இருந்தவர்கள். வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. போனில் வந்த மிரட்டலை "இது பொய், நான் இருக்கிறேன்" என்று மறுத்துச் சொல்லப் பக்கத்து வீட்டில் பழகிய ஆள் பலருக்கு இல்லை. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை அரசு தடுத்து, நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்ட வேண்டிய அளவுக்கு வதந்தி வளர்ந்தது.

2016 செப்டம்பரிலும் காவிரிக்காகத் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. இதற்கு மறுபக்கமும் உண்டு. அல்சூர் ஏரிக்கு அருகே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காவிரி வழக்கை முடித்துவைத்தது. ஊர் அமைதியாக இருக்கும் 364 நாளுக்குத் தெருவிளக்கும் கேமராவும் போதும். மீதி ஒரு நாளைக்கு, நம்மைத் தெரிந்தவர்கள் வேண்டும். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் ஐநூறு ரூபாய் குறைவு என்று வேறு பேட்டைக்குத் தாவுகிறவர்கள் அந்த ஒரு நாளுக்கு எதையும் சேர்த்து வைப்பதில்லை. மொழியும் அந்தச் சேமிப்பில் சேர்த்தி. "தமிழ் தெரிந்தவர்கள்தானே எல்லாரும்" என்று இருந்துவிடாமல், காய்கறிக் கடையில் பேசும் அளவுக்காவது கன்னடம் கற்றுக்கொள்ளச் சொன்னார் அத்தான். அதுவும் அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று.

மற்ற நிபந்தனைகள்: கேப் வசதியை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும், அக்கா முதல் மாதம் உடன் இருக்க வேண்டும், வீட்டுக்கார அம்மாவின் தொலைபேசி எண் தன்னிடம் இருக்க வேண்டும். பெண் ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல போன் பண்ணக் கூடாது."

ஐந்தாவது மாதம் அவள் வேலை பார்த்த புராஜெக்ட் முடிந்துபோனது. ஆட்குறைப்பு என்று யாரும் சொல்லவில்லை. "வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லது" என்றார்கள். ஆறு வாரம் அலைந்து அவுட்டர் ரிங் ரோடில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். பகல் ஷிப்ட், சம்பளம் கொஞ்சம் கூட. போக வர மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்கிறாள். வீட்டை மாற்றவில்லை. வேலை இல்லாமல் இருந்த அந்த ஆறு வாரத்தில் வீட்டுக்கார அம்மா வாடகையைக் கேட்கவில்லை, பிறகு தந்தால் போதும் என்றுவிட்டார்.

இப்போது அவள் மாலை ஏழரைக்கெல்லாம் வீட்டில். திருச்சியில் அத்தான் மட்டும் இன்னும் பதினொன்றரை வரை விழித்திருக்கிறார். பழகிவிட்டது என்கிறார்.